ஈரப் புறங்கை

மில் கதவைத் திறந்ததும் அண்ணி முதலில் சாமி படத்தைக் கும்பிட மாட்டார். அதற்கு முன்னால் அவருக்கு ஒரு வேலை இருந்தது. மோட்டாரை ஓடவிடுவார். தரையில் தண்ணீர் தெளித்து, அந்த ஈரத்தின் மேல் வெறுங்காலோடு நிற்பார். செம்புக்குள் வலது கையை முக்கி எடுத்து, சொட்டச் சொட்ட, புறங்கையால் ராகி கொட்டுகிற இரும்புத் தொட்டியைத் தொடுவார். அப்புறம் மோட்டாரின் உடம்பை. அப்புறம் சுவரில் இருக்கிற மெயின் சுவிட்ச்சின் இரும்புப் பெட்டியை. மூன்றும் சும்மா இருந்தால்தான் வெளியே வந்து, "வாங்கம்மா, யாரு மொதல்ல?" என்பார். கூடையும் முறமுமாகக் காத்திருக்கிற பெண்கள் அதுவரை ஒரு காலை உள்ளே வைக்க முடியாது.

"கரண்ட்டுக்குப் பொறங்கையத்தான் காட்டணும். உள்ளங்கையில பட்டா வெரலு மடங்கிப் புடிச்சிக்கும், வுடாது. பொறங்கைன்னா ஒதறித் தள்ளிடும்" என்று ஒருமுறை எனக்கு விளக்கம் சொன்னார். எனக்கு அது சுத்தப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. கரண்ட் கசிகிறதா என்று பார்க்கத் தன் உடம்பையே கொண்டுபோய் நீட்டுகிற ஆளை நான் வேறெங்கும் கண்டதில்லை.

"ஒயர்மேன்கிட்ட அதுக்குன்னு ஒரு லைட்டு இருக்குதே அண்ணி. அத வாங்கி வெச்சுக்கலாமே?" என்றேன்.

"என் கைக்குத் தெரியட்டும்" என்றார். அதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியாது.

அவர் என் வீட்டுக்காரருக்கு அக்கா, எனக்கு நாத்தனார். நான் அண்ணி என்று கூப்பிட்டேன். கல்யாணமான சில வருஷத்திலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு ஓசூருக்கே, பிறந்த வீட்டுக்கே, திரும்பி வந்தவர். 1950களின் நடுவில் நான் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போனபோது எனக்கு மாமியார் இல்லை. அந்த இடத்தில் வெள்ளைச் சேலையோடு இவர் இருந்தார். மாமியார் இருந்திருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

பயம் என்றால் அடிதடிக்கு இல்லை. அண்ணி குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே அபூர்வம். அவருக்கு இருந்தது ஒரே ஒரு நோய்தான். பேர். நாலு பேர் வாயில் நம் பேர் விழுந்துவிடக் கூடாது. பொங்கலுக்கு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பார் பாருங்கள், ரோட்டைப் பார்த்த சுவருக்கு மட்டும் மூன்று பூச்சு. பின்சுவர் மண்ணாகவே நிற்கும். கொடியில் துணி காயப்போடுவதற்கும் ஒரு முறை உண்டு. நல்ல சேலை வேலிப் பக்கம், கிழிசல் உள் பக்கம். நான் ஒருநாள் தெரியாமல் என் கிழிந்த உள்பாவாடையை வேலிப் பக்கம் போட்டுவிட்டேன். அண்ணி தானே எழுந்துபோய் எடுத்து, உள்பக்கமாக மாற்றிப் போட்டு, ஈரக் கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார். அன்று முழுக்க என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இதையெல்லாம் சொல்லி இப்போது சிரிக்கிறேன். ஆனால் அவர் அப்படி ஆனதற்குக் காரணம் இருந்தது. தெருவில் கல்யாண மேளம் கேட்டால் போதும், அண்ணி அந்த நேரம் எந்த வேலையில் இருந்தாலும் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவார். "எதிர்ல வராதே" என்று யாரும் அவரிடம் வாய் திறந்து சொன்னதாக எனக்கு நினைவில்லை. சொல்ல விடமாட்டார். மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் தானே ஒதுங்கிக்கொள்வார். சொல்லிக் கேட்பதைவிட அது வலி குறைச்சல் போலிருக்கிறது.

மில் அவருடைய யோசனை. அப்போது பாகலூர் ரோட்டுப் பக்கம் கரண்ட் கம்பம் வந்திருந்தது. சுற்றுப்பட்டு ஊர்களில் எல்லார் வீட்டிலும் களிதான். ராகியைக் கல்லில் போட்டுத் திரித்துத் திரித்துப் பெண்களுக்குக் கை ஓய்ந்துபோன காலம். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி, மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில், தகரம் போட்டு ஒரு ஷெட் கட்டி மில் வைத்தோம். என் வீட்டுக்காரர் வெளிவேலை பார்ப்பார். மில்லுக்குள் அண்ணிதான் எல்லாம்.

சேலத்திலிருந்து வந்த ஒயர்மேன் வீட்டிலிருந்து ஷெட்டுக்குக் கம்பி இழுத்தார். ஷெட்டுக்கென்று தனியாக ஒரு போர்டு, தனி மெயின் சுவிட்ச், தனி ஃபியூஸ். எல்லாம் மாட்டி முடித்ததும் ஷெட்டுக்கு வெளியே வேலி ஓரமாக ஆள் மூழ்கிப்போகிற ஆழத்துக்கு ஒரு குழி வெட்டச் சொன்னார்.

"என்னாத்துக்குங்க இது? வீட்டு வாசல்ல ஏற்கெனவே ஒரு எர்த்துக் குழி இருக்குதே?" என்று கேட்டார் அண்ணி.

"அது வீட்டுக்குங்கம்மா. ஷெட்டு தனியா நிக்குது, போர்டும் தனியா இருக்குது. மெஷினு உள்ள எங்கனா ஒயரு தேஞ்சு கரண்ட்டு ஒழுகுச்சுன்னா, அது எறங்கிப் போறதுக்கு இங்கியே ஒரு வழி வேணும். வழி இருந்தா மண்ணுக்குள்ள போயி ஃபியூஸ எரிச்சு வுட்டுரும். வழி இல்லன்னா மெஷின யாரு தொடறாங்களோ அவங்க மேல எறங்கும்."

குழியில் ஒரு இரும்புக் குழாயை நட்டு, சுற்றிலும் ஒரு வரிசை அடுப்புக்கரி, ஒரு வரிசை கல்லுப்பு, மறுபடி கரி, மறுபடி உப்பு என்று நிரப்பி மண் மூடினார். மெஷினிலிருந்தும் சுவிட்ச் பெட்டியிலிருந்தும் வந்த கம்பியை அந்தக் குழாயில் இறுக்கிக் கட்டினார். "உப்பு ஈரத்த இழுத்து வெச்சுக்கும். கோடையில மட்டும் தெனமும் ஒரு கொடம் தண்ணி ஊத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வேலிக்கு அந்தப் பக்கம் ரத்னம்மா வீடு. கன்னடம் பேசுகிறவர்கள். எங்களோடு பேசும்போது தமிழும் கன்னடமும் கலந்து வரும். நல்ல மாதிரி, அவர் வீட்டுக் கறிவேப்பிலையில்தான் எங்கள் வீட்டுத் தாளிப்பு நடந்தது. அந்தம்மா வேலிக்கு மேலாக எட்டி, கரியும் உப்பும் கூடை கூடையாகக் குழிக்குள் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அந்த மாதம்தான் அவர் மகளுக்குப் பேசி முடித்திருந்த ஆனேக்கல் சம்பந்தம் முறிந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கு என்ன மனஸ்தாபமோ, தாம்பூலம் மாற்றுவதற்கு முதல் வாரம் வேண்டாம் என்று ஆள் அனுப்பிவிட்டார்கள். கொஞ்ச நாளில் தண்ணீர் எடுக்கப்போன இடத்தில் என் காதுபடவே பேசினார்கள். வேலி ஓரத்தில் உப்பும் கரியும் புதைத்தால் அதற்கு என்ன பேர் என்று எல்லாருக்கும் தெரியும். புதைத்தது யார்? தாலியில்லாதவள். இதற்கு மேல் விளக்கம் சொல்ல வேண்டுமா?

ஒருநாள் காலையில் ரத்னம்மா நேராகவே கேட்டுவிட்டார். சண்டை போடவில்லை. அழுதார். "நோடம்மா, இங்க பாரு, நானு உன் மேல தப்பா நெனக்கல. ஆனா எங்க வேலி ஓரத்துல உப்பு எதுக்கு? கரி எதுக்கு? எங்க பொண்ணுக்கு என்னத்துக்கு இப்பிடி ஆச்சு?"

கரண்ட் ஒழுகும், அது போக வழி வேண்டும் என்று ஒயர்மேன் சொன்னதை அண்ணி திருப்பிச் சொல்லியிருக்கலாம். நான் சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார். உள்ளே போய்க் கடப்பாரையை எடுத்துவந்தார். பட்டப்பகலில், தெருவே வேலியோரம் கூடி நிற்க, அந்தக் குழியைத் தோண்டினார். குழாயைப் பிடுங்கிப் போட்டார். உப்பையும் கரியையும் முறத்தில் அள்ளி அள்ளி எல்லாருக்கும் காட்டினார். "நல்லாப் பாத்துக்குங்க. முடி இருக்குதா? பொம்ம இருக்குதா? ஆணி இருக்குதா? உப்பு, கரி. அவ்வளவுதான்." பிறகு அத்தனையையும் கொண்டுபோய் ரோட்டோரப் பள்ளத்தில் கொட்டினார்.

கூட்டம் கலைந்தது. ரத்னம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அன்று சாயங்காலமே ஒரு கிண்ணத்தில் குழம்பு கொடுத்தனுப்பினார். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் நெஞ்சுப் பாரம் இறங்கியதுபோல இருந்தது. என் வீட்டுக்காரர், "போவுது வுடுக்கா, இத்தன நாளு எர்த்து இல்லாமயா எல்லாரும் இருந்தாங்க?" என்றார். பேர் பிழைத்துவிட்டது, அதற்கு மேல் என்ன?

எர்த் கம்பி மட்டும் சுவரிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. கரண்ட் ஆபீஸ்காரர் யாராவது வந்தால் கேட்பாரே. அண்ணி அதன் நுனியை வளைத்து, மண்ணில் விரல் ஆழத்துக்குச் செருகி, மேலே ஒரு கல்லை வைத்து, பக்கத்தில் ஒரு துளசிச் செடியையும் நட்டுவிட்டார். பார்க்கிறவர்களுக்குக் கம்பி பூமிக்குள் போவது தெரியும். அதுவும் ரோட்டைப் பார்த்த சுவர் மாதிரிதான். இப்போது நினைத்தாலும் எனக்கு அந்தத் துளசிதான் பொறுக்க முடியாமல் இருக்கிறது.

மாதம்மா பெங்களூர் ரோட்டுக்கு ஜல்லி உடைக்கிறவள். புருஷன் இல்லை என்பதில் அண்ணிக்கும் அவளுக்கும் ஒற்றுமை. மற்றபடி ஒன்றும் இல்லை. வாரத்துக்கு ஒருமுறை ஒரு சின்னக் கூடையில் ராகி கொண்டுவருவாள். எல்லாரும் திரித்துக்கொண்டு போகும்வரை ஓரமாக நிற்பாள், கடைசியில்தான் உள்ளே வருவாள். அவளையும் யாரும் அப்படி நிற்கச் சொன்னதில்லை. அவளும் சொல்வதற்கு முன்னால் ஒதுங்கிக்கொள்கிற ரகம்.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் அடித்தது. ஷெட்டுக்குள் தகரத்தின் இடுக்கு வழியாக ஒழுகி, தரை பூராவும் சதசதவென்று இருந்தது. மாதம்மா தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு நனைந்து வந்தாள். தொட்டியோரம் படியாகப் போட்டிருந்த கல் மேல் ஏறி நின்று, இடது கையால் கூடையைச் சாய்த்தபடி, வலது கையால் தொட்டியின் விளிம்பைப் பிடித்தாள்.

சத்தம் போடவில்லை. அதுதான் பயங்கரம். வாயைத் திறந்தபடி அப்படியே நின்றாள், உடம்பு மட்டும் உதறியது. ராகி தரையெல்லாம் கொட்டியது. நான் கதவருகில் அலறினேன். அண்ணி ஒரே எட்டில் போர்டுக்குப் போய் மெயின் சுவிட்ச்சைக் கீழே இழுத்தார். மாதம்மா மூட்டை மாதிரி சரிந்து விழுந்தாள். மூச்சு இருந்தது. வலது கையில் மூன்று விரல்கள் வெந்து வெள்ளையாகிவிட்டிருந்தன.

அண்ணியின் வாயிலிருந்து முதலில் வந்த பேச்சு இதுதான்: "ஈரக்கையோட ஏண்டி தொட்டே? தொடச்சிக்கினு வரத் தெரியாதா?"

கூடியிருந்த பெண்கள் எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். ஆமாம், ஈரக்கை. ஈரக்கையோடு யாராவது மெஷினைத் தொடுவார்களா? அறிவு வேண்டாமா? என் வீட்டுக்காரர் வந்து அவரும் அதையே சொன்னார். கீழே கிடந்தவளுக்கு நினைவு திரும்பியது. மிரண்ட கண்ணோடு எங்கள் எல்லாரையும் பார்த்தாள். அவள் சொன்னாள்: "தப்பாப் போச்சுங்கம்மா. ஈரக்கையோட தொட்டுட்டேங்க. உங்க மெசினுக்கு ஒண்ணும் ஆவலீங்களே?"

எனக்கு அந்த இடத்திலேயே உடம்பு கூசியது. அண்ணிக்கு என்ன ஆயிற்று என்று அப்போது தெரியவில்லை. அவர் தன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். விரல்கள் போகவில்லை, ஆனால் மடங்கியே நின்றுவிட்டன. சுத்தியல் பிடிக்கிற கை அது. பிறகு அவள் இடது கையால் ஜல்லி உடைத்தாள். பாதி நாள் வேலை கொடுக்க மாட்டார்கள்.

மோட்டாரைச் சரிபார்க்கச் சேலத்துக்காரரே திரும்ப வந்தார். உள்ளே தேய்ந்த ஒயரை மாற்றிவிட்டு வெளியே வந்தவர், துளசிப் பக்கம் குனிந்து கல்லை நகர்த்தினார். இரண்டு விரலால் கம்பியை இழுத்தார். புல்லைப் பிடுங்குகிற மாதிரி வந்துவிட்டது. நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தார்.

"கொழாயி எங்கங்கம்மா?"

"மழையில மண்ணு கரைஞ்சிக்கிச்சுங்க. அதுல புடுங்கிக்கிச்சு போல" என்றார் அண்ணி.

அவ்வளவு பெரிய குழாய் மழையில் எப்படிப் பிடுங்கிக்கொண்டு போகும் என்று அவர் கேட்கவில்லை. இன்றைக்கே குழி போட்டுவிடலாம் என்றார். அண்ணி, "அப்புறம் பாத்துக்கலாம், நீங்க போயிட்டு வாங்க" என்றார். எனக்குக் காரணம் புரிந்தது. ஒருத்தி அடிபட்டுக் கிடக்கிற நேரத்தில் வேலியோரம் மறுபடி உப்பும் கரியும் இறங்கினால் தெரு என்ன பேசும்? இந்தத் தடவை முறத்தில் காட்டினால்கூட நம்ப மாட்டார்கள். ஒயர் மாற்றியாயிற்று, இனி ஒழுகாது என்று நாங்களே எங்களுக்குச் சொல்லிக்கொண்டோம். மில் ஓடியது. யாரும் எங்களைக் குற்றம் சொல்லவில்லை. குற்றம் சொல்ல ஒரு ஈரக்கை ஏற்கெனவே கிடைத்திருந்தது.

கட்டு அவிழ்த்த பிறகு மாதம்மா ராகிக் கூடையோடு வந்தாள். அன்று நல்ல வெயில். தரை உலர்ந்து கிடந்தது. அவள் வழக்கம்போலக் கடைசியாக நின்றாள். முறை வந்ததும் கூடையைக் கீழே வைத்தாள். முந்தானையை எடுத்து இரண்டு கைகளையும் துடைத்தாள். உள்ளங்கை, புறங்கை, அந்த மடங்கிய விரல்களின் இடுக்கு. திருப்பிப் பார்த்தாள். மறுபடி துடைத்தாள். கை எலும்பு மாதிரி காய்ந்திருந்தது. அவள் நிறுத்தவில்லை. மாவு ஆறட்டும் என்று இன்னும் நின்றுகொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, "ஆமா, இப்பயாச்சும் தொடைக்கக் கத்துக்கினியே" என்று சிரித்தாள். மாதம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்றும் மறக்கவில்லை.

அண்ணி மெயின் சுவிட்ச்சைக் கீழே இழுத்தார். பெல்ட் சுழன்று நின்றது.

"தொடைக்காதே மாதம்மா" என்றார். குரல் என்னவோ போல இருந்தது. "உன் கையில தப்பு இல்ல. அன்னைக்கு நான் சுச்சை எறக்கப் போனப்ப என் முழங்கை அந்தப் பொட்டி மேல பட்டுச்சு. என் கை காஞ்ச கைதான். எனக்கும் அடிச்சுது. அப்பவே தெரியும் எனக்கு. தெரிஞ்சிக்கினேதான் உன்னச் சொன்னேன்."

அண்ணி நிறுத்தவில்லை.

"கரண்ட்டு போறதுக்குன்னு வெச்ச குழிய நாந்தான் தோண்டி எறிஞ்சேன். என்னச் சூனியக்காரின்னு சொல்லிருவாங்களேன்னு தோண்டினேன். கம்பிய மண்ணுல செருவி, மேல துளசி வெச்சு மூடினேன். ஒயர்மேன்கிட்டவும் பொய் சொன்னேன். என் பேரு போவக் கூடாதுன்னு உன் கை போச்சு."

மாதம்மாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பெரிய வீட்டம்மா எல்லார் முன்னாலும் இப்படிப் பேசுவது அவளுக்குத் தாங்கவில்லை. "அப்பிடிலாம் சொல்லாதீங்கம்மா, பாவம் புடிச்சுக்கும்" என்று பதறினாள். பதறிக்கொண்டே, கை தன்பாட்டில் முந்தானையில் துடைத்தபடி இருந்தது.

"இன்னைக்கு மில்லு ஓடாது. எல்லாரும் போங்க" என்றார் அண்ணி. கடப்பாரையை எடுத்தார். துளசியை வேரோடு எடுத்து வேறு இடத்தில் நட்டுவிட்டு, அதே இடத்தில் தோண்ட ஆரம்பித்தார். என் வீட்டுக்காரர் ஓடிவந்து, "அக்கா, என்னாக்கா பண்ற? வெளிய தலை காட்ட முடியாம போயிடும்க்கா" என்று கையைப் பிடித்தார். "எனக்குத் தலை காட்ட முடியாமப் போயி ரொம்ப நாளாவுது. உனக்குத் தெரியல" என்றார்.

வேலிக்கு மேலே ரத்னம்மாவின் முகம் தெரிந்தது. "மத்தெ உப்பா? மறுபடியுமா?" என்றார், நம்ப முடியாமல்.

"ஆமா ரத்னம்மா. உப்புதான், கரிதான். சூனியம்னு சொல்லணும்னா சொல்லிக்க. நான் இனிமே எடுக்க மாட்டேன்."

ஒயர்மேன் மறுநாள் வந்து குழாயை நட்டுக் கம்பியைக் கட்டினார். அன்று ஆரம்பித்ததுதான் அந்தப் புறங்கை. கோடைக்கு மட்டும் தண்ணீர் ஊற்றச் சொன்ன குழிக்கு அண்ணி மழைக்காலத்திலும் ஒரு குடம் ஊற்றினார். "குழிக்கு அபிஷேகம் ஆச்சா?" என்று கேலி செய்தார்கள். நேரில் கேலி, பின்னால் வேறு பேச்சு. கல்யாண வீட்டு ராகி எங்கள் மில்லுக்கு வருவது நின்றது. சாமி காரியத்துக்கு மாவு வேண்டுமென்றால் ஊருக்குள் இருந்த இன்னொரு மில்லுக்குப் போனார்கள். ரத்னம்மா வீட்டுக் கறிவேப்பிலை எங்கள் வீட்டுக்கு மறுபடி வரவேயில்லை. அவர் மகளுக்கு அடுத்த வருஷம் நல்ல இடத்தில் கல்யாணம் ஆனது. அதனால் எங்கள் குழி மேல் இருந்த சந்தேகம் தீர்ந்துவிடவில்லை. மேளச் சத்தம் கேட்டு அண்ணி வழக்கம்போல உள்ளே போய்விட்டார், நான்தான் வாசலில் நின்று பார்த்தேன்.

அந்தப் பொங்கலுக்கு ரோட்டைப் பார்த்த சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கவில்லை. "மறந்துட்டீங்களா அண்ணி?" என்று கேட்டேன். "பின்சொவரு என்ன பாவம் பண்ணுச்சு? அடிச்சா ரெண்டுக்கும் அடிக்கணும். ரெண்டுக்கும் அடிக்க இப்ப முடியாது" என்றார். துணியையும் எப்படியோ போட்டார். என் கிழிந்த பாவாடை ஊருக்கே தெரிந்தது. ஒரு வகையில் அது எனக்கு நிம்மதி, வெட்கமாகவும் இருந்தது.

மாதம்மாவை அவர் கடைசியில் நிற்க விடுவதில்லை. வந்ததும் முதலில் உள்ளே கூப்பிடுவார். கூலி வாங்க மாட்டார். அதற்கும் மாதம்மா கூச்சப்பட்டு, யாரும் பார்க்காதபோது ஒரு பிடி மாவைத் தொட்டியோரம் விட்டுவிட்டுப் போய்விடுவாள். இருவரும் ஒருவரிடம் ஒருவர் தோற்றுக்கொண்டே இருந்தார்கள். ஆனால் அண்ணியால் ஒன்றை மட்டும் மாற்ற முடியவில்லை. தொட்டியருகில் வந்ததும் மாதம்மா முந்தானையை எடுப்பாள்.

"தொடைக்காதேன்னு எத்தன தடவ சொல்றது?" என்பார் அண்ணி. கெஞ்சுவார். ஒருநாள் கோபத்தில் முந்தானையைப் பிடித்து இழுத்தேவிட்டார். "இத பாரு, என் கையப் பாரு" என்று தன் கையைத் தண்ணீரில் முக்கித் தொட்டியில் வைத்துக் காட்டினார். புறங்கை அல்ல, அன்றைக்கு மட்டும் உள்ளங்கையை வைத்தார். எனக்கு உயிர் போய் வந்தது. மாதம்மா தலையாட்டினாள். "சரிங்கம்மா, இனிமே தொடைக்க மாட்டேங்க" என்றாள். அடுத்த வாரம் வந்தாள், துடைத்தாள். அவளுக்குத் தெரிந்து துடைக்கவில்லை, கை தானாகப் போனது. அண்ணி அதைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஊர் பேசியதையெல்லாம் தாங்கியவரால் அதைத் தாங்க முடியவில்லை.

வருஷங்கள் கழித்து ஒரு பங்குனியில் அண்ணி போனார். காய்ச்சல், அதிக நாள் படுக்கவில்லை. தெருவில் பாதிப் பேர் வந்தார்கள். ரத்னம்மா வேலிக்கு அந்தப் பக்கமே நின்று மூக்கைச் சிந்தினார். மில்லை அன்று திறக்கவில்லை. ஆனால் நான் காலையில் ஒரு குடம் தண்ணீர் கொண்டுபோய்க் குழியில் ஊற்றிவிட்டு வந்தேன். யாரும் சொல்லவில்லை, செய்யாமல் இருக்க முடியவில்லை.

மதியத்துக்கு மாதம்மா வந்தாள். எல்லாருக்கும் பின்னால், வாசல்படிக்கு வெளியே, ஓரமாக நின்றாள். நான் போய் உள்ளே கூட்டிவந்தேன். கூட்டம் விலகி வழிவிட்டது. அண்ணியின் காலடியில் குனிந்தாள். தொடப் போனவள் நிறுத்திக்கொண்டாள்.

"தொடைக்காதே மாதம்மா" என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொல்ல உரிமை உள்ளவர் படுத்திருந்தார்.

அவள் முந்தானையை எடுத்து, உள்ளங்கை, புறங்கை, மடங்கிய விரல்களின் இடுக்கு எல்லாம் நன்றாகத் துடைத்தாள். திருப்பி ஒருமுறை பார்த்துக்கொண்டாள். அதன் பிறகுதான் அந்தக் காலைத் தொட்டாள்.